தீக்காப்பு

என் வீட்டுக்காரருக்கு ஒரு எதிரி இருந்தான். முகம் தெரியாது, பேர் தெரியாது, எங்கிருந்து வருகிறான் என்றும் தெரியாது. ஆனால் இவர் விளையாட உட்கார்ந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அவன் வந்துவிடுவான். அவனைத் தோற்கடிக்க இவர் பட்ட பாட்டில் பாதியைக் கடைக்காகப் பட்டிருந்தால் இன்று இந்த ஓக்போ ஊரில் எங்களுக்கு இரண்டாவது கடை இருந்திருக்கும்.

கடை என்றால் பி.சி. பாங், காசு கொடுத்துக் கம்ப்யூட்டரில் விளையாடுகிற இடம். கப்பல் தளத்து வாசலுக்கு எதிரே, மாடியில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு, நான் கொதிக்க வைத்துக் கொடுக்கும் ராம்யோன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே விளையாடுவார்கள். கல்லாவும் அடுப்பும் என் பொறுப்பு. இவர், ஓக் சாங்டே, அதே கப்பல் தளத்தில் வெல்டர். பகலெல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் நெருப்போடு மல்லுக்கட்டுவார். மாலையில் ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இன்னொரு நெருப்போடு மல்லுக்கட்டுவார்.

விளையாட்டின் பேர் ‘ஒன்பது கோட்டை’. அதில் இவர் இரும்புக்காளை. கேடயம் ஏந்தி முன்வரிசையில் நிற்கிற ஆள், ஒரு கூட்டத்துக்கே தலைவர். வீட்டில் இவர் பேச்சு எடுபடாது. அங்கே எடுபட்டது, அதனால் அங்கேயே குடியிருந்தார்.

அந்த உலகத்தின் எரிமலைக்குள் ஒரு தீநாகம் படுத்துக் கிடக்கும். அது மூச்சு விட்டால், முன்னால் நிற்கிறவன் தாங்க வேண்டும். அவன் விழுந்தால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் சாம்பல். தாங்குவதற்குத் தீத்தடுப்பு வேண்டும். அது கிடைக்க இரண்டு வழி. ஒன்று, மோதிரத்திலும் கவசத்திலும் இருக்கிற குழிகளில் சிவப்புக் கல்லாகப் பதித்துக்கொண்டே போவது. இன்னொன்று, துறவி ஒருத்தி மந்திரம் சொல்லித் தீக்காப்பு போடுவது. ஆனால் தீக்காப்பு ஆரம்ப காலத்துத் துறவிகளிடம் மட்டும்தான் இருந்தது. பின்னால் வந்தவர்களுக்குக் கம்பெனி அதைக் கொடுக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் அப்படிப்பட்ட பழைய துறவி ஒரே ஒருத்திதான். இவருடைய தங்கை, என் நாத்தனார் யோன்சிம்.

யோன்சிம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடல் தாண்டித் தோங்யோங்கில், சிப்பி உரிக்கும் கொட்டகையில் வேலை. விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பேர் தோங்சிமி. என் மாமியார் குளிர்காலத்தில் ஜாடியில் ஊறப்போடும் முள்ளங்கித் தண்ணீரின் பேர் அது. அவளுக்கு அதன் மேல் உயிர். அண்ணன் முன்னால் நிற்பார், தங்கை பின்னாலிருந்து காப்பு போடுவாள். அவர்கள் கூட்டம் வளர்ந்ததே அப்படித்தான்.

மாமியார் போன பிறகு வந்த முதல் திதியில் எல்லாம் கெட்டது. அதற்குள் யோன்சிம் சர்ச்சில் சேர்ந்திருந்தாள். படையல் மேஜையில் பேரிக்காய், இலந்தை, மீன், நான் போட்ட தோங்சிமி எல்லாம் வைத்தாயிற்று. எல்லாரும் வரிசையாக விழுந்து கும்பிட்டோம். அவள் மட்டும் எங்களுக்குப் பின்னால், சுவரோரமாக, கண்ணை மூடிக் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

“விழுந்து கும்பிடு,” என்றார் இவர்.

“நான் என் வழியில வேண்டிக்கிறேன் அண்ணா.”

“பெத்தவளுக்கு முன்னாடி வளையாத முதுகு, அதுக்கு ஒரு வழி வேறயா?”

“அம்மாவுக்காகத்தான் வேண்டுறேன்.”

“உன் வேண்டுதல் எங்கம்மாவுக்கு ஒட்டாது. கிளம்பு.”

அவள் சத்தம் போடவில்லை. என்னிடம் மட்டும் தலையை அசைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று மாலையே இவர் கடைக்கு வந்து, கூட்டத்தார் அத்தனை பேரும் பார்க்க, தோங்சிமியைக் கூட்டத்தைவிட்டு நீக்கினார். அவளும் அவள் எழுதுகிற, செய்கிற எதுவும் தன் திரையில் வராதபடி பூட்டும் போட்டார். மூத்த பிள்ளை என்கிற அதிகாரம் முழுவதையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டு வந்து, ராம்யோனில் முட்டை உடைத்து ஊற்றச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முட்டை போடாமலே கொண்டுபோய் வைத்தேன்.

துறவி போன பிறகு கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோட்டைச் சண்டையில் எதிர்க் கூட்டத்து ஆட்கள் இவர் மேல் தூக்க மந்திரத்தை ஏவினார்கள். இவர் நின்றபடியே தூங்கினார், கோட்டை கைமாறியது. தாக் என்பவர் மார்க்கெட்டில் டோஃபு கடை வைத்திருப்பவர், அந்தக் கூட்டத்தின் தலைவர். மறுநாள் டோஃபு வாங்கப் போன என்னிடமே, “உங்க வீட்டுக்காரர் எழுந்துட்டாராம்மா?” என்று கேட்டார். அதைத் தெரியாத்தனமாக வீட்டில் வந்து சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்துதான் இவருக்குத் தடுப்புப் பைத்தியம் பிடித்தது. சிவப்புக் கல் தீயைத் தடுக்கும், நீலக் கல் மந்திரத்தைத் தடுக்கும். நீலமாகப் பதிக்க ஆரம்பித்தார். ஒரு விதி உண்டு, விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். உன் கூட்டத்து ஆள் போடுகிற மந்திரம் உன் தடுப்பைத் தாண்டி வந்துவிடும். வெளியாள் போடுவது, நல்லதோ கெட்டதோ, தடுப்போடு மோதித்தான் ஜெயிக்க வேண்டும். தோற்றால் திரையில் ஒரே ஒரு வரி வரும்: ‘மந்திரம் தடுக்கப்பட்டது.’ போட்டது யார் என்று வராது, என்ன மந்திரம் என்றும் வராது.

கல்லைப் பட்டறையில் கொடுத்துப் பலமேற்றும் நாளில் இவர் செய்கிற கூத்தைப் பார்க்க வேண்டும். பல் தேய்ப்பார், கையை மணக்க மணக்கக் கழுவுவார், புதுச் சாக்ஸ் போடுவார். கல் உடைந்துவிடக் கூடாது என்று கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். “யாருகிட்டங்க வேண்டுறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “வாயை மூடு, உடைஞ்சிடும்,” என்றார். தங்கையை விரட்டியது அதே வாய்தான்.

அந்தச் சமயத்தில்தான் எதிரி வந்தான். சிவப்புக் கல் கிடைக்கிற இடம் ஒரு பழைய மாவு மில். இவர் அங்கே நின்று அரக்கர்களை அடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று திரையில் வரும்: மந்திரம் தடுக்கப்பட்டது. மறுபடியும் வரும். மறுபடியும். இவர் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மில்லைச் சுற்றி ஓடுவார், ஆள் இருக்காது.

“தாக்கோட ஆள்தான். தூரத்துல நின்னு ஏவுறான்,” என்பார். “ஏவட்டும். இன்னும் ரெண்டு நீலம் பதிக்கிறேன், பார்க்கலாம்.”

இரண்டு நீலம் பதிக்க வேண்டுமானால் இரண்டு சிவப்பைப் பிடுங்க வேண்டும். குழிகள் அவ்வளவுதான். இப்படியே மந்திரத் தடுப்பு ஏறியது, தீத்தடுப்பு இறங்கியது. தீநாகத்துக்கு முன்னால் நிற்க எப்போதும் கொஞ்சம் குறையும். கூட்டத்தில் துறவியாக இருக்கிற சேபோம், மருந்துக்கடைப் பெண், அவ்வப்போது கெஞ்சுவாள்.

“தலைவரே, சிவப்பைப் பிடுங்காதீங்க. நாகத்துகிட்டப் போகவே முடியாது. என்கிட்டத் தீக்காப்பும் கிடையாது.”

“முதல்ல இவனை முடிச்சிட்டு வரேன்மா.”

“யாரை?”

“அதைக் கண்டுபிடிச்சிட்டுச் சொல்றேன்.”

யோன்சிம் எப்போதாவது எனக்குப் போன் செய்வாள், இவர் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து. பின்னால் சிப்பி ஓடுகள் கூடையில் விழுகிற சத்தம் கேட்கும்.

“அண்ணன் எப்படி இருக்கார் அண்ணி?”

“இருக்கார். நாற்காலியில வேர் விட்டுட்டார்.”

“தீத்தடுப்பு தேறிடுச்சா?”

“எங்க தேற. கொஞ்சம் குறையுதாம். எவனோ ஒருத்தன் மில்லுகிட்ட நின்னுக்கிட்டு இவர் மேல மந்திரமா ஏவுறானாம். அவனோட மல்லுக்கட்டவே நேரம் சரியா இருக்கு.”

அவள் சிப்பிக் கத்தியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

“எதிரின்னா நினைக்கிறார்?”

“பின்னே, விருந்தாளின்னா நினைப்பார்?”

“பலமா அடிக்கிறானா அண்ணி?”

“ஒண்ணும் உறைக்கலையாம். அதுல ஒரு பெருமை வேற.”

“சரி,” என்றாள். “வலிக்காம இருந்தா சரி. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க.”

அவளும் பழைய விளையாட்டுக்காரிதானே, ஆசையில் விசாரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை இவரிடம் ஜாடையாக, “தங்கச்சியைக் கூப்பிட்டுப் பேசினாத்தான் என்ன?” என்றேன். “அவ முதல்ல அம்மா முன்னாடி குனியட்டும்,” என்றார். குனிய வேண்டியது யார் என்று நான் சொல்லியிருப்பேன், ஆனால் கடையில் ஆள் இருந்தது.

பிறகு ஒரு குளிர்காலத்தில், தேகு மீன் வருகிற சமயத்தில், எதிரி நின்றுவிட்டான். ஒரு நாள் வரவில்லை, ஒரு வாரம் வரவில்லை, மாதமாகியும் வரவில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. “தோத்துட்டான்,” என்று கூட்டத்தாருக்கெல்லாம் சொன்னார். “எத்தனை வருஷம் ஏவினான், ஒரு தடவைகூட என் மேல படலை. முழுத் தடுப்பு. இனிமே வர மாட்டான்.” நான் பெரிய தேகு ஒன்றை வாங்கிச் சூப் வைத்தேன். மீன் தலையை இவரே எடுத்துக்கொண்டு, சோஜு ஊற்றிக் குடித்துக் கொண்டாடினார்.

அந்த வசந்தத்தில் யோன்சிம் போய்விட்டாள். கணையத்தில் நோய். குளிர்காலத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள், எங்களுக்குச் சொல்லவில்லை. சர்ச்காரர்கள்தான் சொல்லி அனுப்பினார்கள். சாவு மண்டபத்தில் பாட்டுப் பாடினார்கள், வெள்ளைப் பூ வைத்தார்கள், யாரும் விழுந்து கும்பிடவில்லை. இவர் போட்டோவுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நட்ட கழி மாதிரி நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பஸ்ஸில் பாலத்தைக் கடந்து திரும்பி வரும்போது, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவ,” என்றார். அவ்வளவுதான். எனக்கு இவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இலை உதிர்கிற காலத்தில் கம்பெனி அறிவித்தது: ‘ஒன்பது கோட்டை’யை மூடுகிறோம். விளையாட ஆளில்லையாம். கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு சர்வரை நிறுத்துவார்கள்.

அன்று காலையிலிருந்தே கடை நிறைந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிறவர்கள்கூட எங்கள் மாடிக்கு வந்திருந்தார்கள். தாக் சூடான டோஃபு ஒரு பலகை நிறையத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“என்ன காளை, இன்னும் முழிச்சிட்டுதான் இருக்கியா?” என்றார் தாக்.

“உன் டோஃபுவைத் தின்னா தூக்கம் வரும். அந்தப் பக்கம் வை.”

அதுதான் அவர்களுடைய சமாதானம். அன்று இரண்டு கூட்டமும் சேர்ந்து எரிமலைக்குப் போனார்கள். கடைசியாக ஒருமுறை தீநாகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை, இவருக்கு வெறி. காலை நேரத்துக்குள் சிவப்புக் கல்லாகப் பதித்துத் தள்ளினார். பாதிக் குழிகளில் நீலம்தான் இருந்தது, பலமேற்றிய கல்லைப் பிடுங்க மனம் வரவில்லை.

நானும் ஈரக் கையோடு வந்து இவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நாகம் ஒருமுறை மூச்சு விட்டது, தாங்கினார். இரண்டாவது தடவையும் தாங்கினார். கடையில் ஒருவரும் ராம்யோனைத் தொடவில்லை. நாகத்தின் உயிர் கால்வாசிக்கு வந்துவிட்டது. அடுத்த மூச்சில் இரும்புக்காளை மண்டியிட்டு விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஒரே கொத்தாகச் சாம்பலானார்கள்.

“கொஞ்சம்தான் குறைஞ்சது,” என்றாள் சேபோம். அழுதுவிடுவாள் போலிருந்தது. “ஒரு காப்பு இருந்திருந்தா தாங்கியிருப்பீங்க.”

மறுபடி மலையேற நேரமில்லை. கடைசிப் போட்டோ எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் கவசத்தைக் கழற்றிவிட்டு, ஆட்டத்தில் சேர்ந்த முதல் நாள் போட்டிருந்த கோணித் துணியோடு வரிசையாக நிற்க வேண்டும். ஒரு சர்வர் மூடப்போகிறது என்றால் இவர்கள் இப்படித்தான் செய்வார்கள். எல்லாரும் கழற்றினார்கள். இவர் மட்டும் கழற்றவில்லை.

“தலைவரே, கழட்டுங்க.”

“அவன் வந்தா?”

“எவன்?”

“மில்லுகிட்ட என்னை அடிச்சிட்டிருந்தவன். கடைசி நாள் அதுவுமா வந்து விழுத்தாட்டினா அசிங்கமாயிடும்.” பிறகு தாக்கைப் பார்த்து, “இனியாவது சொல்லுய்யா. யாரை அனுப்பின?” என்றார்.

தாக் வாயிலிருந்த டோஃபுவை விழுங்கினார். “நான் யாரை அனுப்பினேன்? உன்னை அடிச்சு எனக்கு என்ன வரப்போகுது?”

“வருஷக்கணக்கா ஏவினானே.”

“அடப்பாவி,” என்றார் தாக். கேலி போய்விட்டது குரலில். “அது ஏவல் இல்லையே. காப்பு. மில்லு மாடியில ஒரு துறவி நின்னு உனக்குத் தீக்காப்பு போட்டுக்கிட்டே இருப்பா. அந்தச் சிவப்பு வெளிச்சம் எங்க எல்லாருக்கும் தெரியும். உன் மேல பட்டு அணைஞ்சு போயிடும்.”

இவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“நீ வேணும்னே தடுக்கிறேன்னு நினைச்சோம். எங்க ஆளுங்க உன்னைக் கல்நெஞ்சன்னுதான் சொல்லுவாங்க. அவளை எங்க கூட்டத்துக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். பழைய துறவி, யார் விடுவா? வர மாட்டேன்னுட்டா. ‘அண்ணன் ஒரு நாள் கல்லைக் கழட்டுவார், அன்னைக்கு நான் இங்க இருக்கணும்’னு சொன்னா. விளையாட்டுல எல்லாரும் அண்ணன்தானே, அப்படி ஏதோ சொல்றான்னு விட்டுட்டேன். போன குளிர்காலத்துலேர்ந்து காணோம்.”

“பேரு?” என்றார் இவர்.

“என்னமோ ஊறுகாய் பேரு. தோங்சிமி.”

என் கையில் தட்டு இருந்தது. அதைப் பக்கத்து மேஜையில் வைத்தேன். தேகு சூப்புதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, அவள் வராததைக் கொண்டாடி, நான் என் கையால் சூப் வைத்து ஊற்றியிருக்கிறேன்.

இவர் யாரையும் பார்க்காமல் இரும்புக்காளையை நடத்திக்கொண்டு போனார். போட்டோவுக்கு நின்றவர்களைத் தாண்டி, கோட்டை வாசலைத் தாண்டி, மில்லுக்குப் போனார். அங்கே நின்று கவசத்தைக் கழற்றினார். மோதிரங்களைக் கழற்றினார். நீலக் கற்கள் பதித்த ஒவ்வொன்றும் தரையில் விழுந்தது. கடைசியில் கோணித் துணியோடு ஓர் ஆள் மட்டும் மில்லுக்கு முன்னால் நின்றான். அங்கிருந்த அரக்கர்கள் வந்து அடித்தார்கள். இவர் திருப்பி அடிக்கவில்லை, மில்லு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேபோமுக்குப் பொறுக்கவில்லை. அவளும் பின்னாலேயே ஓடி வந்து, காயம் ஆற்றுகிற மந்திரத்தைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம் இவர் மேல் விழுந்து ஒட்டியது.

“வேண்டாம்மா,” என்றார் இவர். “நீ போடாதே.”

அவள் கையை எடுத்துவிட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். தாக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இவர் போட்டிருந்த பூட்டைத் திறந்து, ‘யோன்சிம்’ என்று அடித்தார். அந்தப் பேரில் அங்கே யாரும் இல்லை. அழித்துவிட்டு, ‘தோங்சிமி’ என்று அடித்தார். ‘இவர் இப்போது இணைப்பில் இல்லை’ என்று திரையில் வந்தது. அதற்குக் கீழே, ‘காப்பு போடு’ என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குத் திரை கறுத்தது. மற்ற திரைகளும் வரிசையாகக் கறுத்தன. இவர் முகம் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்தது, பின்னால் என் முகமும். இவர் திரும்பாமலே கேட்டார்.

“நான் அவளை எதிரின்னு நினைச்சேன்னு அவளுக்குத் தெரியுமா?”

எனக்கு இவர் மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. யோன்சிம் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பாள். ஆனால் இந்த மனிதர் எத்தனை வருஷமாக எதையும் தன் மேல் படவிடாமல் தடுத்துவிட்டார், இதையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

“தெரியும்,” என்றேன். “நான்தான் போன்ல சொன்னேன். வலிக்குதான்னு கேட்டா. இல்லைன்னேன். சரின்னா.”

“அதுக்கப்புறமும் போட்டாளா?”

“அதுக்கப்புறமும்தாங்க.”

இவர் எழுந்தார். தோங்யோங் இருக்கிற பக்கம் ஜன்னலில் மலைதான் தெரியும். கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இருக்கிற குறுகலான வழியில், அத்தனை பேர் நிற்க, அந்த ஜன்னலைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நானும் தாக்கும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.